பரங்கிமலைக் கல்லின் வயது

புனித தோமையார் மலைத் திருப்பயணம் முடிந்து உத்திரமேரூர் திரும்புகையில், பங்கின் கல்லூரி மாணவர் ஒருவர் வினவினார்: "சாமி, அந்த மலைப் பாறைக்கு ஏறத்தாழ 250 கோடி வயதாம். தொடக்கநூலில் ஆறு நாள்தானே? எதை நம்புவது?" "பிறகு பேசுவோம்" என்று நழுவினேன். நழுவியது தவறு.

கல்லுக்கு வரலாறு உண்டெனக் காட்டிய முன்னோடிகளுள் ஒருவர் நம் திருச்சபையின் ஆயரே. சந்திர கிரகணத்தின்போது வானிலிருந்து விழுபவை என்று பண்டை ரோமானியரான பிளினி குறித்துவைத்த 'நாக்குக் கற்கள்' பாறைகளில் கிடைத்து வந்தன. 1666-இல் டென்மார்க் நாட்டு நிக்கோலாஸ் ஸ்டெனோ, இத்தாலியில் ஒரு சுறாவின் தலையை அறுத்து ஆராய்ந்தார். அக்கற்கள் சுறாப் பற்களே! ஆயின், கடல்மீனின் பல் மலைக்கு வந்தது எவ்வாறு? நீரடியில் சேறு அடுக்கடுக்காய்ப் படிந்து இறுகியதே அப்பாறை. கீழடுக்கு மூத்தது, மேலடுக்கு இளையது என்று 1669-இல் எழுதினார். 1675-இல் குருவாகி, 1677-இல் ஆயரானார். 1988-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார்.

நம் மலை அவ்வாறு படிந்ததன்று. நிலத்தின் ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவானது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் இவ்வகைக் கல் இருந்தமையால், 1893-இல் தாமஸ் ஹாலண்ட் இதற்குச் 'சார்னோக்கைட்' எனப் பெயரிட்டார். (மலைக்குத் திருத்தூதர் பெயர், கல்லுக்கு வணிகர் பெயர்!) இதன் வயதைக் கதிரியக்கச் சிதைவைக் கொண்டு பின்வந்தோர் கணித்தனர்.

ஸ்டெனோ உலகின் வயதைச் சில ஆயிரம் ஆண்டுகளாகவே கருதினார். எனினும், கையிலிருந்த பல்லை அவர் மறைக்கவில்லை. உலகம் யாரால் ஆனது என்பதைத் தொடக்கநூல் சொல்கிறது. எத்தனை ஆண்டு என்று பாறையிடம் கேட்பது அவிசுவாசமாகாது. கேட்ட மாணவரின் விசுவாசம், நழுவிய என்னுடையதினும் உறுதியானது என்றே தோன்றுகிறது. வரும் ஞாயிறு பூசைக்குப் பின் அவரை இருக்கச் சொல்லியிருக்கிறேன்.