புதுக் கருவியா, புதுப் புரோகிதரா?

கருவியைக் கண்டு அஞ்சுபவன் பகுத்தறிவாளன் அல்லன். கருவியைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொள்பவனும் பகுத்தறிவாளன் அல்லன். இவ்விரண்டையும் ஒருசேர உள்ளத்தில் இருத்திக்கொண்டு, நம் தோழர்களிடையே இன்று பரவிவரும் ஒரு பழக்கத்தை ஆராய்ந்து பார்க்க விழைகிறேன்.

பழக்கம் இதுதான். தொழில் நடத்தும் ஒருவர் மற்றொருவரைக் கூட்டுச் சேர அழைக்க விரும்புகிறார். “நான் இன்னது தருகிறேன், நீங்கள் இன்னது தாருங்கள், ஆதாயத்தை இப்படிப் பிரித்துக்கொள்வோம், நட்டம் வந்தால் இப்படிச் சுமப்போம்” என்று எழுத்தில் வைக்க வேண்டும். கைப்பேசியை எடுக்கிறார். செயற்கை நுண்ணறிவு உதவியாளனுக்கு நான்கு வரி சொல்கிறார். காப்பி ஆறுவதற்குள் பத்துப் பக்க முன்மொழிவு கண்முன் நிற்கிறது. நோக்கம், சந்தை, முதலீடு, வளர்ச்சி, வாக்குறுதி — எல்லாம் உண்டு, அழகான ஆங்கிலத்தில்! கீழே பெயரைப் போட்டு அனுப்பிவிடுகிறார்.

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்குப் பின் சில ஆண்டுகளிலேயே இந்தக் காட்சி சாதாரணமாகிவிட்டது. சாதாரணமாகிவிட்ட காரியங்களைத்தான் நாம் முதலில் கேள்வி கேட்க வேண்டும். கேட்கிறேன்: அந்தப் பத்துப் பக்கங்களில் இருக்கும் வாக்கு யாருடைய வாக்கு?

முதலில், இந்தக் கருவியால் விளைந்த நன்மையை மறைக்காமல் சொல்லிவிடுவோம். கூட்டுத்தொழில் என்பது இந்நாட்டில் நெடுங்காலம் ஒரு மூடிய வீடாக இருந்தது. முதல் உள்ளவன் தன் உறவுக்குள்ளும் தன் சாதிக்குள்ளும் கூட்டாளியைத் தேடினான். வெளியார் உள்ளே நுழைய வேண்டுமானால் ஆங்கிலம் தெரிய வேண்டும்; மனு எழுதும் பாணி தெரிய வேண்டும்; எழுதித் தர ஆள் வைத்துக்கொள்ளப் பணம் வேண்டும். குடும்பத்திலேயே முதன்முதலாகப் பள்ளி வாசலை மிதித்தவனுக்கு இவை ஏது? திறமை இருந்தும், எழுத்து இல்லாத காரணத்தால் வாசலிலேயே நின்றவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு இன்று ஓர் எழுத்தன் கிடைத்திருக்கிறான். சாதி கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை, நள்ளிரவில் கூப்பிட்டாலும் முகம் சுளிப்பதில்லை. இதை வேண்டாம் என்பவன், ஏணியில் ஏறி மேலே உட்கார்ந்துகொண்டு, அடுத்தவன் ஏறும் ஏணியை இழுத்துக்கொள்பவன்.

ஆகவே, எந்திரத்தை ஒழி என்ற கூச்சல் நமக்கு ஏற்றதன்று. ‘இனி வரும் உலகம்’ கண்ட பெரியாரின் வழியில் நிற்பவர்கள் எந்திரத்தைப் பழிக்க மாட்டார்கள். ஆனால் எந்திரம் எதைச் செய்கிறது, எதைச் செய்யவில்லை என்று கேட்பதை விடவும் மாட்டார்கள்.

அது செய்வது என்ன? மனிதர்கள் எழுதிக் குவித்த கோடிக்கணக்கான பக்கங்களிலிருந்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்ற போக்கைக் கற்று, அந்தப் போக்கின்படி சொற்களைத் தொடுக்கிறது. ஆயிரம் முன்மொழிவுகள் எப்படி இருந்தனவோ அதுபோல ஆயிரத்தோராவதையும் ஆக்கித் தருகிறது. உன் பட்டறையை அது பார்த்ததில்லை. உன் கடனை அது அறியாது. நீ சொல்லாமல் விட்ட இடத்தை, வழக்கமாக அங்கே என்ன இருக்குமோ அதைக் கொண்டு நிரப்பிவிடும். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அதற்கு இல்லை. மெய் சொல்ல வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. எண்ணமே இல்லாத இடத்தில் வாக்கு எப்படிப் பிறக்கும்?

ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். திருப்பூரில் பவர் டேபிள் நடத்தும் ஓர் அம்மையார். ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துத் தருகிறார். மாதம் இருபதாயிரம் பனியன் தைக்க முடியும். ஒரு சாயப்பட்டறைக்காரரைக் கூட்டுச் சேர்த்து, சொந்தமாக ஆர்டர் பிடிக்க நினைக்கிறார். எந்திரத்திடம் சொல்கிறார். எந்திரம் எழுதுகிறது: “மாதம் ஐம்பதாயிரம் உருப்படிகள் வரை விரிவாக்கக்கூடிய திறன், குறித்த நாளில் தவறாத ஒப்படைப்பு, சுற்றுச்சூழலுக்கு முற்றிலும் உகந்த உற்பத்தி.” படிக்க இனிக்கிறது. அம்மையாருக்கு ஆங்கிலம் பாதி புரிகிறது; புரிந்த பாதி பெருமையாக இருக்கிறது. அனுப்பிவிடுகிறார்.

அந்த ஐம்பதாயிரம் எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் வரவில்லை! அந்த இடத்தில் ஒரு பெரிய எண் வருவது வழக்கம், வந்துவிட்டது. “சுற்றுச்சூழலுக்கு உகந்த” என்ற சொல்லோ திருப்பூரில் வெறும் அலங்காரச் சொல் அன்று. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்த வழக்கில், 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. பட்டறை மூடினால் தையலும் நிற்கும். தையல் நின்றால் கூலியும் நிற்கும். அந்த ஊரில் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ஓர் ஆறும், அதன் கரையிலுள்ள உழவர்களும், ஆயிரமாயிரம் தொழிலாளர் வயிறும் இருக்கின்றன. எந்திரத்துக்கு அது சொல்; நமக்கு அது பொறுப்பு.

சட்டம் இதுபற்றி என்ன சொல்கிறது? இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் ஆண்டினது. ஏ.ஐ. என்ற பேச்சுக்கே இடமில்லாத காலம். ஆயினும் அதன் 13ஆம் பிரிவு ஒரு பேருண்மையைக் கூறுகிறது: இருவர் ஒரே பொருளை ஒரே கருத்தில் ஏற்றால்தான் அது இசைவு. 18ஆம் பிரிவு இன்னும் கூர்மையானது. ஒருவர், தமக்குள்ள தகவல் இடம் தராத ஒன்றை உறுதியாகச் சொல்லி, அது உண்மையல்லாமல் போனால், அவர் அதை உண்மையென்றே நம்பியிருந்தாலும் அது தவறான கூற்றுத்தான்! “நான் நம்பினேன்” என்பது போதாது. நம்புவதற்கு உனக்கு என்ன ஆதாரம் இருந்தது என்று கேட்கிறது சட்டம். பகுத்தறிவு இயக்கம் இத்தனை காலமாகக் கேட்டுவரும் கேள்வியும் அதுதானே!

1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் மேலும் ஒரு படி செல்கிறது. கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் நேர்மையாகவும் உண்மையாகவும் இருக்க வேண்டும். மெய்யான கணக்கும் முழுமையான தகவலும் தர வேண்டும் என்கிறது 9ஆம் பிரிவு. நிறுவனத்தின் செயல்களுக்குக் கூட்டாளிகள் சேர்ந்தும் தனித்தும் பொறுப்பு என்கிறது 25ஆம் பிரிவு. அதாவது, ஒருவர் வாக்கில் மற்றொருவரின் வீடும் நிலமும் அடங்கியிருக்கின்றன. அவ்வளவு கனமான உறவுக்கு அழைப்பு விடுக்கும் ஓலையை, படித்தும் பாராமல் அனுப்புவதா?

“பழி எந்திரத்துக்கு” என்று தப்பிக்கப் பார்த்தவர்கள் உண்டு. நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கற்பித்துத் தந்த, நடக்கவே நடக்காத தீர்ப்புகளை மேற்கோள் காட்டினர். 2023 சூனில் நீதிமன்றம் 5,000 டாலர் தண்டம் விதித்தது. எந்திரத்துக்கா? இல்லை, வழக்கறிஞர்களுக்கு! கனடாவில் ஏர் கனடா நிறுவனம், தன் இணையதள உரையாடல் எந்திரம் பயணி ஒருவருக்குத் தந்த தவறான தகவலுக்கு அந்த எந்திரமே பொறுப்பு என்பதுபோல வாதாடிப் பார்த்தது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. தளத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் நிறுவனமே பொறுப்பு என்றது. எந்திரத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள இடமில்லை, தோழர்களே!

இங்கே நம் இயக்கத்தின் வரலாறு நமக்கு ஒரு விளக்கைக் காட்டுகிறது. சுயமரியாதைத் திருமணத்தில் நாம் விரட்டியது எதை? நெருப்பையும் புகையையும் மட்டுமா? மணமக்களுக்குப் புரியாத மொழியில், மணமக்களுக்காக மூன்றாம் ஆள் ஒருவன் வாக்குச் சொல்லும் முறையை! வாழப்போகிறவர்கள் இருவர், சொல்லுபவன் வேறொருவன், சொன்னது என்ன என்று மூவரில் இருவருக்குத் தெரியாது. இந்த அநியாயத்தை மாற்றினோம். 1967இல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது நிறைவேறிய சட்டம், மணமக்கள் தங்களுக்குப் புரியும் எந்த மொழியிலும் ஒருவரை ஒருவர் ஏற்பதாக அறிவித்தாலே போதும் என்றது. தங்களுக்குப் புரியும் மொழியில்! அந்தச் சொற்றொடருக்குள் ஒரு முழுத் தத்துவம் இருக்கிறது. வாக்குத் தருபவனுக்கு வாக்கின் பொருள் தெரிந்திருக்க வேண்டும்.

அப்படியிருக்க, புரியாத வடமொழியை வாசலில் நிறுத்திய நாம், புரியாத ஆங்கில அடுக்குமொழியை நடுவீட்டில் உட்காரவைக்கலாமா? மந்திரம் சொன்ன புரோகிதரிடம் “இதற்கு என்ன பொருள்?” என்று கேட்ட வாலிபன், திரையில் மின்னும் பத்துப் பக்கத்தைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்க மறந்தால், புரோகிதம் ஒழியவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறது.

“செல்வர்கள் ஆடிட்டரையும் வக்கீலையும் வைத்து எழுதினார்களே, அப்போது வராத கேள்வி ஏழை எழுதும்போது ஏன் வருகிறது?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. என் விடை இது: கேள்வி அப்போதும் உண்டு. யார் எழுதினார் என்பது எப்போதுமே உரைகல் அன்று. கடிதத்தைப் பிள்ளையிடம் சொல்லி எழுதவைத்த எழுத்தறியாத தாயின் சொல், அவள் சொல்தான்; ஏனெனில் கருத்து அவளுடையது. தானே எழுதினாலும் பொருள் தெரியாமல் பார்த்து எழுதியவனின் சொல் அவனுடையதன்று. ஆனால் ஒரு வேறுபாட்டையும் மறக்கக் கூடாது. நல்ல ஆடிட்டர், “இந்த எண்ணுக்குக் கணக்கு எங்கே?” என்று கேட்பார், கேட்காவிட்டால் அவர் பெயரும் தொழிலும் ஆபத்தில் நிற்கும். எந்திரத்துக்கு இழக்கப் பெயரும் இல்லை, பிழைப்பும் இல்லை. ஆகவே அவர் கேட்க வேண்டிய கேள்வியையும் சேர்த்து நாமே கேட்டாக வேண்டும்.

பள்ளி ஆசிரியன் என்ற முறையில் ஒன்று அறிவேன். பிறர் எழுதித் தந்த கட்டுரையை ஒப்புவிக்கும் மாணவன் முதற் கேள்விக்கு விடை சொல்லிவிடுவான். இரண்டாவது கேள்வியில் நின்றுவிடுவான். கூட்டுத்தொழிலில் இரண்டாவது கேள்வி கேட்பவர் ஆசிரியர் அல்லர், கடன்காரர். சில வேளை நீதிபதி.

இன்னொரு நிலையையும் எண்ணிப் பாருங்கள். இவர் எந்திரத்தைக் கொண்டு எழுதுகிறார். அவர் எந்திரத்தைக் கொண்டு சுருக்கிப் படிக்கிறார். எந்திரத்தைக் கொண்டே விடையும் எழுதுகிறார். நான்கு கடிதங்கள் போய் வந்தபின் இருவரும் கையெழுத்திடுகிறார்கள். இரண்டு எந்திரங்கள் பேசிக்கொண்டன. இரண்டு மனிதர்கள் இன்னும் சந்திக்கவில்லை! ஒரே பொருளை ஒரே கருத்தில் ஏற்பது என்று 1872 சொன்னதே, அந்தக் கருத்து எவர் உள்ளத்தில் இருக்கிறது? தையற்கூடத்தின் இரைச்சலையும் கூட்டாளியின் முகத்தையும் நேரில் காணாமல் பிறக்கும் கூட்டு, முதல் நட்டத்திலேயே உடையும்.

என்ன செய்வது? எந்திரத்தை எழுதச் சொல்லுங்கள், தவறில்லை. ஆனால் முதலில் உங்கள் மொழியில், உங்கள் கையால், நான்கு உண்மைகளை எழுதிக்கொள்ளுங்கள்: என்னிடம் உள்ளது எது, இல்லாதது எது, நான் தரக்கூடியது எது, முடியாமல் போனால் நான் செய்வது எது. எந்திரம் தந்த வரைவில் ஒவ்வோர் எண்ணுக்கும் உங்கள் கணக்கேட்டில் ஒரு பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத எண்ணை அடித்துவிடுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் உரக்கச் சொல்லிப் பாருங்கள். சொல்ல வராததை நீக்கிவிடுங்கள். கூட்டாளி நம்பித் தந்த கணக்கை அவர் அனுமதியின்றி எந்திரத்திடம் கொட்டாதீர்கள். அது அவர் சொத்து. எந்திரம் எழுதியதா என்று அவர் கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். அதில் இழிவு இல்லை. நெற்றியடியாக நிற்கும் உண்மைகளை எந்த நடையில் எழுதினால் என்ன?

அந்தத் திருப்பூர் அம்மையார், “மாதம் இருபதாயிரம்தான் முடியும், ஆனால் இருபதாயிரமும் குறித்த நாளில் வரும்” என்று கொச்சைத் தமிழில் சொல்லியிருந்தாலும், அது பத்துப் பக்க ஆங்கிலத்தைவிட உயர்ந்த முன்மொழிவு. அதை நல்ல ஆங்கிலமாக்கித் தர எந்திரம் இருக்கிறது. அந்த வேலைக்கு அது மிகவும் ஏற்றது. இருபதாயிரத்தை ஐம்பதாயிரமாக்க அதற்கு உரிமை இல்லை. ஆக்கினால் அதை விட்டுவிட நமக்கும் உரிமை இல்லை.

தன்மானம் என்பது பிறர்முன் தலைகுனியாமல் நிற்பது மட்டுமன்று. தன் சொல்லின் முன்னும் தலைகுனியாமல் நிற்பது. எழுத்தைக் கடன் வாங்கலாம், தோழர்களே; வாக்கைக் கடன் வாங்க முடியாது. கையெழுத்துப் போடும் முன், உங்களுக்குப் புரியும் மொழியில், ஒருமுறை சொல்லிப் பாருங்கள்!