பக்கத்து இருக்கை

2022 பெப்ரவரி 26. தெலங்கானாவில், நல்கொண்டா மாவட்டத்தில், பயிற்சி ஹெலிகொப்டர் ஒன்று விழுந்துவிட்டதென்றுதான் முதலில் செய்தி வந்தது. பிறகுதான் அது செஸ்னா 152 ரக விமானம் என்று தெரிந்தது. தனியாகப் பறந்து இறந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த மாணவி. எங்கள் இலங்கையிலும், 2020 டிசம்பர் 15 அன்று, சீனக்குடாவிலிருந்து பிடி-6 விமானத்தில் கிளம்பிய பயிலுநர் ஒருவர் கந்தளாயில் விழுந்து இறந்தார். இப்படியான செய்தி வரும்போதெல்லாம் என் மனம் பக்கத்து இருக்கைக்குப் போகிறது. அதில் இருந்து சொல்லிக்கொடுத்த ஆசிரியரை நினைக்கிறேன்.

*

விமானத்தைவிட ஹெலிகொப்டர் பழகுவது இன்னும் கடினம். தூக்குவதற்கும் இறக்குவதற்குமான நெம்பு இடது கையில். முன்னே பின்னே பக்கவாட்டில் சாய்க்கும் கோல் வலது கையில். மூக்கைத் திருப்பும் மிதிகள் காலடியில். ஒன்றை அசைத்தால் மற்ற இரண்டையும் திருத்தியாக வேண்டும். புதிதாகப் பழகுபவரை அழ வைப்பது, தரைக்குச் சில அடி மேலே ஒரே இடத்தில் நிற்கும் பாடம். வலப்பக்கம் சாய்கிறதென்று இடப்பக்கம் இழுப்பார். இழுத்தது வேலை செய்யக் கொஞ்ச நேரம் எடுக்கும். அந்தப் பொறுமை இல்லாமல் மேலும் இழுப்பார். ஆட்டம் பெரிதாகிக்கொண்டே போகும்.

ஆசிரியர் உடனே கை வைத்தால் மாணவரின் கைக்கு எதுவும் படியாது. பிந்தினால் இருவரும் இல்லை.

*

நேற்று ஒருகொடவத்தை மேம்பாலத்தடியில், கொண்டேனர் லொறிகளுக்கு நடுவில், எல் போர்ட் போட்ட சின்னக் கார் ஒன்று நின்றுபோனது. பின்னால் ஒரே ஹோர்ன் சத்தம். ஓட்டிய பிள்ளையின் கழுத்து விறைத்திருந்தது. பக்கத்திலிருந்த மாஸ்டர் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. "அவசரமில்லை மகள், கிளச்சை மிதியுங்கோ" என்றார். அவருடைய கால் மட்டும் தன் பக்கத்துப் பிரேக்குக்கு மேலே, மிதிக்காமல், தயாராக இருந்தது.

வானத்தில் அந்தக் காலுக்குக் கிடைக்கும் அவகாசம் மிகச் சிறிது. உலகெங்கும் மாணவர்கள் பழகும் றொபின்சன் ஆர்22 இல் விசிறி இறக்கைகள் எடை குறைந்தவை. இயந்திரம் நின்றால் இடது கை நெம்பை உடனே கீழே தள்ள வேண்டும். ஓரிரு விநாடி தயங்கினாலும் இறக்கைகளின் சுழற்சி மீட்க முடியாதபடி தளர்ந்துவிடும். தள்ளிவிட்டால், கீழிருந்து மேலே வரும் காற்றே அவற்றைச் சுழற்றும். நிலம் நெருங்கும்போது மூக்கை உயர்த்தி வேகத்தைக் குறைத்து, கடைசியில் நெம்பைத் தூக்கி, சுழற்சியில் மிஞ்சியிருக்கும் சக்தியைச் செலவழித்து இறங்கலாம். அந்தச் சக்தி ஒரு தடவைக்குத்தான் காணும்.

இந்தப் பாடத்தை வேண்டுமென்றே இயந்திர விசையைக் குறைத்துத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆபத்தைப் பழக ஆபத்தின் வாசல் வரை போய்வர வேண்டியிருக்கிறது. வேறு வழியும் தெரியவில்லை.

*

2025 இலிருந்து ஹெலிகொப்டர் சத்தம் எனக்குச் சாதாரணமாகக் கேட்பதில்லை. அந்த வருடம் மே 9 அன்று மாதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் பெல் 212 விழுந்து ஆறு படையினர் இறந்தார்கள். இராணுவச் சிறப்புப் படையின் பயிற்சி நிறைவு விழாவுக்காகப் பறந்தது அது. அதே வருடம் களனி கங்கை பெருகி எங்கள் பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் ஏறிய நாட்களில், நவம்பர் 30 அன்று, வெள்ள நிவாரணத்துக்குப் போன இன்னொரு பெல் 212 லுணுவிலவில் விழுந்து அதன் விமானி இறந்தார். அவரும் ஒரு காலத்தில் ஒரே இடத்தில் நிற்கப் பழகியவர்தான். அவருக்குப் பக்கத்திலும் ஒரு ஆசிரியர் இருந்திருப்பார்.

*

பயிலுநர் இறந்தால், "அனுபவம் போதாது" என்று ஊர் சொல்லிவிடுகிறது. எனக்கு அது பொறுக்கவில்லை. அனுபவம் போதாததால்தானே அந்தப் பிள்ளை பழக வந்தது? ஆர்22, ஆர்44 ரகங்களில் சுழலும் இறக்கைகளே ஹெலிகொப்டரின் உடலை வெட்டிய விபத்துகள் தொடர்ந்தபோது, 1995 இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் தனி விதி கொண்டுவந்தது. மாணவரோடு ஆசிரியரும் அந்த ரகத்துக்கென்றே தகுதி காட்ட வேண்டும் என்றது. குற்றத்தை மாணவர் தலையில் மட்டும் கட்டாமல் பக்கத்து இருக்கையையும் கேள்வி கேட்ட விதி அது. இங்கே ஒரு விபத்து நடந்து விசாரணைக் குழு அமைத்தார்கள் என்று வாசிக்கும்போது எனக்குத் தெரிய வேண்டியதும் அதுதான்: தனியாகப் பறக்கலாம் என்று கையெழுத்திட்டவர் அன்று காலை என்னென்ன பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார்?