படலையைத் தட்டு!

தம்பி, தங்கச்சி, உன்னோடுதான் பேசுகிறேன். கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு புள்ளிமான் தேடித் திருகோணமலை உவர்மலையிலிருந்து இறங்கிப் போகிறாய். பிரெட்ரிக் கோட்டை வாசலில் எல்லோரும் எடுக்கிற அதே படத்தை நீயும் எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறாய். மான் ஒரு வீட்டு வளவுக்குள் நுழைந்துவிட்டால் மட்டும் மதிலுக்கு வெளியே நின்று எட்டி எட்டிப் பார்க்கிறாய். படலையைத் தட்ட ஏன் கை எழவில்லை?

வீட்டுக்காரர் ஏசுவார் என்றா பயம்? ஏசட்டுமே! ஏச்சு உடம்பில் காயமா போடும்? மிஞ்சிப் போனால் அவர் 'ஏலாது' என்பார். அவர் இன்னும் சொல்லாத அந்தச் சொல்லை நீயே உனக்குச் சொல்லிக்கொண்டு வீடு திரும்புகிறாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை!

துப்பாக்கி ஏந்தியவனே கேட்டுத்தான் நிலத்துக்குள் போகிறான், தெரியுமா? அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் புரோங்ஹோர்ன் என்றொரு விலங்கு. மான் சாயல், காற்று வேகம். அதைச் சுட அரசின் உரிமம் மட்டும் போதாது. தனியார் நிலமென்றால் உரிமையாளரின் சம்மதமும் வேண்டும். நல்ல வேட்டைக்காரன் பருவம் தொடங்குவதற்கு வெகு முன்பே பண்ணை வாசலில் போய் நிற்பான். வேலி திருத்தவோ வேறு வேலைக்கோ கை கொடுப்பான். திறந்த படலையை மூடிவிட்டு வருவான். அந்த நிலத்தில் விலங்கை வீழ்த்தினால் உரிமத்தோடு வரும் சீட்டை நிலக்காரரிடம் கொடுக்க வேண்டும்; அவர் அதை அரசிடம் காட்டி ஒரு தொகை பெறுவார். தன் புல்லைத் தின்று வளர்ந்த விலங்குக்காக அவருக்குக் கிடைக்கும் மரியாதை அது.

நம் மண்ணின் கதை வேறு. 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இங்கே நிற்கிறது. எந்த வளவுக்காரர் தலையாட்டினாலும் புள்ளிமானைக் கொல்வது குற்றம்தான். வளவு அவருடையது, மான் அவருடையது அல்ல. அதனால் உன் வேட்டை கமராவோடு முடிகிறது. அதில் எனக்கு மகிழ்ச்சி!

கமராவோடு போனாலும் கேட்டுத்தான் போக வேண்டும்; இப்படிக் கேட்டு நிற்பது தமிழனுக்குப் புதிதும் அல்ல. கபிலரின் குறிஞ்சிப்பாட்டைப் புரட்டிப் பார். தினைப்புனம் காக்கும் பெண்களிடம் வேட்டைக்குப் போன தலைவன் வருகிறான். தப்பி ஓடிய விலங்கு இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்கிறான். அவர்கள் வாய் திறக்கவில்லை. வில்லேந்திய வீரன் சினந்தானா? இல்லை. மென்மையாக மறுபடியும் பேச்சுக் கொடுத்தான். அந்தத் துணிவின் அழகைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

சரி, எப்படிக் கேட்பது? கூட்டமாகப் போகாதே, ஒருவரைக் கூட்டிக்கொண்டு போ. வெயில் தாழ்ந்த பின்னேரமாகப் போ. நம்மூரில் முதலில் வரும் கேள்வி உனக்கே தெரியும்: "ஆற்றை பிள்ளை?" அவர் கேட்க முன்னமே பெயரையும் தெருவையும் தாய் தகப்பனையும் சொல்லிவிடு. பிறகு கண்ணைப் பார்த்துக் கேள்: "ஐயா, உங்கட வளவுக்குள்ள மான் வருகுது எண்டு கேள்விப்பட்டன். விடியக்காத்தால ஒரு மணித்தியாலம் ஒரு மூலையில நிண்டு படம் எடுக்கலாமோ?" அவ்வளவுதான். எதற்கு, எப்போது, எவ்வளவு நேரம் என்ற மூன்றும் அதற்குள் இருக்கின்றன. 'இல்லை' என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த படலைக்கு நட. தலை குனியாதே! வயதான அம்மா தனியாக இருக்கும் வீடாக இருக்கலாம், நாய் கடிக்கிற வீடாக இருக்கலாம். மறுப்பது அவருடைய உரிமை, கேட்பது உன்னுடையது.

சம்மதம் கிடைத்தால் சொன்ன நேரத்துக்கு வா, சொன்ன நேரத்துக்குப் போ. பிளாஷ் அடிக்காதே, மானுக்குத் தீனி போடாதே, ஒரு பொலித்தீன் துண்டையும் விட்டு வராதே. பொறுத்திரு. கொம்பு உதிர்ந்து மீண்டும் முளைக்கும் கிடாயின் தலையை, மென்தோல் போர்த்த அந்தப் புதுக் கொம்பை, தெருவில் நின்று எடுக்க முடியுமா?

நல்ல படம் விழுந்தால் அச்சிட்டு அந்த வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடு. பின்பக்கம் உன் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிவிடு, அடுத்த முறை மான் வந்ததும் அவர்களே அழைக்கட்டும். இந்தச் சனிக்கிழமை பின்னேரமே புறப்படு!