அனனியாவின் இரண்டு வருடம்

எருசலேம் தேவாலயத்தில், ஆசாரியர்களும் ஜனங்களும் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு தீர்க்கதரிசிகள் எதிரெதிரே நின்றார்கள். சிதேக்கியா ராஜாவின் நான்காம் வருடம், கி.மு. 594 வாக்கில் நடந்தது இது. ஒருவர் எரேமியா. பாபிலோனுக்கு அடங்கிப் போங்கள் என்று சொல்வதற்காகக் கழுத்தில் மரநுகத்தைப் பூட்டிக்கொண்டு அலைந்தவர். மற்றவர் கிபியோன் ஊர் அனனியா. இரண்டே வருடத்தில் பாபிலோனின் நுகம் முறியும், அதன் ராஜா நேபுகாத்நேச்சார் அள்ளிக்கொண்டு போன ஆலயப் பாத்திரங்கள் திரும்பி வரும், சிறைப்பட்டுப் போனவர்களும் வந்து சேருவார்கள் என்றார். சொன்னதோடு விடவில்லை, எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தைக் கழற்றி எல்லோர் கண்ணெதிரிலும் உடைத்துப் போட்டார். எரேமியா வாதாடாமல் தன் வழியே போய்விட்டார்.

அன்று அந்தக் கூட்டத்தில் நாம் நின்றிருந்தால் யாரை நம்பியிருப்போம்? இருவரும் கர்த்தரின் பெயரைச் சொல்லித்தான் பேசினார்கள். இருவரும் நின்றது ஒரே ஆலயம். அனனியா பேசியதில் வேதத்துக்குப் புறம்பான தெய்வம் எதுவும் இல்லை. நூறு வருடத்துக்கு முன்பு ஏசாயாவும் அசீரியாவின் நுகம் விலகும் என்று சொன்னார், கி.மு. 701இல் வந்த அசீரிய ராஜா சனகெரிப் எருசலேமைப் பிடிக்க முடியாமல் திரும்பிப் போனான். வசன ஆதாரமும் வரலாற்று ஆதாரமும் அனனியா பக்கமே இருந்தன. ஆகையால்தான் அவரை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. வேதத்தைத் தூக்கி எறிபவரைக் குழந்தைகூட அடையாளம் கண்டுகொள்ளும். வேதத்தை மடியில் வைத்துக்கொண்டு வழிதவற வைப்பவரை எப்படிக் கண்டுகொள்வது?

சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்னதல்ல என்று உபாகமம் 18ஆம் அதிகாரம் ஓர் அளவைத் தருகிறது. சரியான அளவுதான். ஆனால் அது பலன் தருவதற்குள் காலம் ஓடிவிடும், வீடும் பறிபோய்விடும்.

ஆதித் திருச்சபைக்கும் இதே தவிப்பு இருந்தது. டிடாக்கே என்ற சிறு கிரேக்க நூலை 1873இல் கான்ஸ்டான்டினோப்பிள் நூலகம் ஒன்றில் பேராயர் பிலோதியோஸ் பிரையேனியோஸ் கண்டெடுத்தார். முதல் நூற்றாண்டின் முடிவையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ ஒட்டி எழுதப்பட்டது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கணிப்பு. ஊர் ஊராக வரும் ஊழியக்காரரை எப்படிச் சோதிப்பது என்று அது சொல்லும் விதம் என்னை அசர வைக்கிறது. வருபவரைக் கர்த்தரைப் போல ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரு நாள் தங்கலாம், தேவைப்பட்டால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளத்தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த ஊர்வரைக்கும் அப்பம் கொடுத்தனுப்பலாம். பணம் கேட்டால் கள்ளத்தீர்க்கதரிசி. ஆவியில் நிறைந்து விருந்து வைக்கச் சொல்லிவிட்டு, அந்தப் பந்தியில் தானே உட்கார்ந்து சாப்பிட்டால் அவரும் அப்படித்தான். இல்லாதவர்களுக்காகக் கேட்டால் மட்டும் அவரை யாரும் குற்றம் சொல்லக் கூடாது. உண்மையைப் போதித்தாலும் போதித்தபடி நடக்காதவர் கள்ளர் என்றும் அதில் இருக்கிறது. சொல்லைவிட, அந்தச் சொல்லால் யார் வயிறு நிறைகிறது என்பதை அந்தச் சபைகள் பார்த்தன.

பணத்தைத் தாண்டியும் இந்த அளவு செல்லும். கென்யாவின் ஷகஹோலா காட்டில் 2023இல் 400க்கும் அதிகமான உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. பட்டினி கிடந்து இயேசுவைச் சந்திக்கப் போகலாம் என்ற போதனைக்குப் பலியானவர்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. அப்படிப் போதித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர் உயிரோடு நீதிமன்றத்துக்கு வந்தார். எரேமியாவோ தன் வார்த்தைக்காக அடி வாங்கினார், சேறு நிறைந்த துரவில் இறக்கப்பட்டார். முதல் சுமையை யார் சுமக்கிறார் என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

பெரோயா பட்டணத்தாரை அப்போஸ்தலர் நடபடிகள் பாராட்டுவதும் இங்கே நினைக்கத் தக்கது. அவர்கள் சோதித்துப் பார்த்தது பவுலின் போதனையை. சோதிக்கப்பட்டதற்காகப் பவுல் கோபித்துக்கொண்டதாக ஒரு வார்த்தையும் இல்லை. கேள்வி கேட்ட விசுவாசியை அபிஷேகம் பண்ணப்பட்டவருக்கு எதிராகப் பேசாதே என்று அடக்கும் மேடைகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் கொதிக்கிறது.

ஆனாலும் அனனியா பணம் கேட்டதாக எங்கும் எழுதியிருக்கவில்லை. அவர் நேர்மையாகவே நம்பியிருக்கவும் கூடும். அப்படியானால் பிழை எங்கே?

எரேமியா புத்தகத்தில் இந்தச் சம்பவத்துக்கு அடுத்த அதிகாரத்தில், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் இருக்கிறது. நம் சபைகளில் புத்தாண்டு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளிலும் வீட்டுக் காலண்டர்களிலும் அடிக்கடி காணும் எரேமியா 29:11 இந்தக் கடிதத்தில்தான் வருகிறது. தீமைக்கல்ல, சமாதானத்துக்கான நினைவுகள் என்று ஆறுதல் சொல்லும் வசனம். அதற்கு முந்தின வசனம் அட்டையில் வருவதில்லை. எழுபது வருடம் கழிந்த பிறகே திரும்பக் கொண்டுவருவேன் என்கிறது அது. எரேமியாவும் மீட்பைத்தான் சொன்னார், அனனியாவும் மீட்பைத்தான் சொன்னார். அனனியா எழுபதை இரண்டாக்கினார். அவர் வாயில் மனந்திரும்புதல் என்ற பேச்சே இல்லை.

எழுபதை இரண்டாக்கச் சொன்னது யார்? தீர்க்கதரிசிகள் பொய் சொல்கிறார்கள், ஜனங்கள் அதையே விரும்புகிறார்கள் என்று எரேமியா முன்பே புலம்பியிருக்கிறார். ஜனத்தின் ஆசை முதலில் இருந்தது; அதற்கு வாய் கொடுக்க ஓர் அனனியா வந்தார். அட்டையில் வசனத்தைப் பாதியாக வெட்டி வாசிக்கிறவர்களும் நாம்தான். போதகரைச் சோதிக்குமுன், எதைக் கேட்க ஆசைப்பட்டு இந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று என்னை நான் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆவிகளைப் பகுத்தறிவது அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எரேமியாவின் கடிதம் அந்த ஆசைக்கு இடமே கொடுக்கவில்லை. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைபிடித்த பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்றது. இப்படி எழுதியவரைக் காவலில் போடாமல் ஏன் விட்டுவைத்தீர்கள் என்று செமாயா என்பவர் பாபிலோனிலிருந்தே எருசலேமுக்குப் பதில் எழுதினார். நடுவயதில் சிறைப்பட்டுப் போன ஒருவர் அந்தக் கடிதத்தை நம்பினால், தன் கால் இனி எருசலேம் மண்ணை மிதிக்காது என்பதையும் சேர்த்தே நம்ப வேண்டும். அப்படி நம்பி வீடு கட்டி, பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தவர்களும் இருந்தார்கள். கி.மு. 538இல் பாரசீக ராஜா கோரேசு போகலாம் என்று உத்தரவு கொடுத்தபோது, திரும்பிப் போக அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இருந்தார்கள்.