மெழுகில் உறங்கும் சாட்சி

கருக் கலைந்தது, கண்ணீர் வடித்தாள் நம் தெருப் பெண். அதற்குள் பிறந்துவிட்டது தீர்ப்பு: முற்பிறவிப் பாவமாம்! அக்கூட்டத்தில் நாமும் வாய்மூடி நின்றோம், மறைப்பானேன்?

கலைந்த கருவின் திசுவை ஃபார்மலினில் இட்டு, மெழுகிலே பதித்து வைப்பதுண்டு. உயிரில்லை அதில், உண்மை இருக்கிறது! ஆண்டுகள் கழிந்தாலும், அக்கட்டியை மயிரிழையினும் மெல்லியதாகச் சீவி, ஒளிரும் சாயமேற்றிய டி.என்.ஏ. துண்டுகளை அதன்மேல் இடுகின்றனர். தமக்குரிய குரோமோசோமைத் தேடிப் பற்றுகின்றன அவை. 16ஆம் குரோமோசோமுக்கு இரண்டு புள்ளிகள் ஒளிர வேண்டிய உட்கருவிலே மூன்று ஒளிர்ந்தால், காரணம் கண்முன்னே! சீவும்போது உட்கரு அறுபட்டுப் புள்ளி குறைவதும் உண்டு. ஆதலின் பல அணுக்களை எண்ணிய பின்னரே முடிவு கூறுவர். ஊராரோ, ஒன்றையும் எண்ணாமலே தீர்ப்பளிப்பர்!

தொடக்க மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதி, குரோமோசோம் கோளாறு உடையவை. “அக்கோளாறு பெரும்பாலும் முட்டையில்தானே? குறை அவளிடந்தானே?” என்று மடக்குவர் சிலர். ஆம், முட்டையில்தான், வயது ஏற ஏற மிகுவதும் மெய். ஆனால் தோழர்களே, காரணமெல்லாம் குற்றமாகுமா? நரை விழுந்தவள் குற்றவாளியா? அம்முட்டைகளோ, அவள் பிறக்குமுன்பே, தன் தாயின் வயிற்றில் அவள் இருந்தபோதே உருவானவை. எந்தக் கூண்டில் ஏற்றுவது அவளை?

அவளுடைய மெழுகுக் கட்டியும் எங்கோ ஓர் அலமாரியில் இருக்கக்கூடும். சோதிக்கும்படி கேட்கலாம் என்று அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை; நாமும் இன்னும் சொல்லவில்லை.