யோகம் யாருடைய நலத்துக்கு?

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் 14 நாடுகள் உண்டு. அவற்றுள் ஒன்று பைல் நாடு. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே போனால் வெயில் தணிந்து காற்று குளிர்கிறது. மரங்களில் மிளகுக் கொடி படர்ந்திருக்கிறது. பலாவும் காப்பியும் வாழையும் செழித்து நிற்கின்றன. அறப்பளீசுவரர் கோவிலும், அதன் பக்கத்தில் படிக்கட்டுகள் இறங்கிச் சென்று காணும் ஆகாய கங்கை அருவியும், கோரக்கர், காலாங்கிநாதர் முதலான சித்தர்கள் தவமிருந்ததாகச் சொல்லப்படும் குகைகளும் அந்த மலைக்குப் பெரும்பெயர் தந்திருக்கின்றன. ஆகவே உடல் நலமும் மன அமைதியும் தேடுவோர் பலர் ஊரை விட்டு இந்த மலைக்கு ஏறி வருகிறார்கள். அருவியோரம் கண் மூடி அமர்ந்து மூச்சைக் கவனிக்கிறார்கள்.

அதே மலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் விடியும் முன்னே எழுந்து காட்டுக்குப் போகிறார்கள். சாமையும் தினையும் கேழ்வரகும் அவர்களுடைய பழைய உணவு. அந்தத் தானியங்கள் விளைந்த நிலத்தில் பெரும்பகுதி இன்று சவ்வரிசி ஆலைக்குப் போகும் மரவள்ளிக் கிழங்குக்கு மாறிவிட்டது. கிழங்கு மூட்டையையும் விறகுக் கட்டையும் சுமந்து மேடேறும் தாய்க்கு இடுப்பு வலிக்கிறது. அவளும் மூச்சு வாங்குகிறாள். ஆனால் அவளுடைய மூச்சை யாரும் யோகம் என்று சொல்வதில்லை. அவளுக்கு யோகம் கற்றுக் கொடுக்க வேண்டும் என்றும் பெரும்பாலும் யாருக்கும் தோன்றுவதில்லை.

ஒரே மலைப்பாதையில் இரண்டு மூச்சுகள். இதைப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. யோகம் தரும் நலம் யாருக்கு உரியது? தன் உடம்பைப் பேணுவது தர்மமா, அல்லது அதுவும் ஒரு சுயநலமா? அன்புக்கொடி மக்கள் இந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. ஏனென்றால் அவர்கள் வணங்கும் அய்யாவே ஆறு ஆண்டுகள் தவமிருந்தவர்.

முதலில் யோகம் என்பது என்ன என்று பார்ப்போர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. யோக நூல்கள் அதை எட்டு உறுப்புகளாகச் சொல்கின்றன: இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி. தமிழில் திருமூலர் அருளிய திருமந்திரமும் தன் மூன்றாம் தந்திரத்தில் இந்த எட்டையும் விரித்துப் பேசுகிறது. இவற்றில் ஆசனம் மூன்றாவது. மூச்சுப் பயிற்சி நான்காவது. அவற்றுக்கு முன்னே நிற்கும் இயமம் என்பது பிற உயிரைத் துன்புறுத்தாமை, பொய் சொல்லாமை, பிறர் பொருளைக் கவராமை, புலனடக்கம், தேவைக்கு மேல் சேர்த்து வைக்காமை ஆகியவற்றைக் கேட்கிறது. அதாவது, அடுத்தவனிடம் எப்படி நடந்துகொள்கிறாய் என்பதே யோகத்தின் முதல் பாடம். அதன் பிறகு நியமம்; அதில் தூய்மை முதலாவது. அதன் பிறகே உடம்பை எப்படி மடக்குவது, மூச்சை எப்படி இழுப்பது என்னும் பேச்சு வருகிறது.

இன்று நடப்பது என்ன? ஐக்கிய நாடுகள் சபை 2014 டிசம்பரில் தீர்மானம் செய்து, 2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 21 உலக யோகா நாளாகக் கொண்டாடப்படுகிறது. பல நாட்டு மக்கள் ஒரே நாளில் பாய் விரித்து அமர்வது நல்ல காட்சிதான். ஆயினும் பெரும்பாலான இடங்களில் பாடம் மூன்றாவது படியில் தொடங்குகிறது. முதல் இரண்டு படிகளை யாரும் கேட்பதில்லை. முதல் படியை விட்டு மூன்றாம் படியில் கால் வைத்தவனுக்கு உடம்பு வளையும், மனம் வளையாது. காலையில் ஒரு மணி நேரம் யோகம் செய்துவிட்டு, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்குத் தனி டம்ளரில் காப்பி கொடுப்பவரிடம் யோகம் இன்னும் வந்து சேரவில்லை.

அப்படியானால் உடம்பைப் பேணுவதே தவறா? இல்லை. உடம்பு கெட்டால் உயிர் தன் கடமையைச் செய்ய முடியாது என்பது திருமூலர் முதலான பெரியோர் அனைவரும் கண்ட உண்மை. படுக்கையில் கிடப்பவர் பணிவிடைக்கு வர இயலாது. பசித்தவருக்குச் சோறாக்கவும் இயலாது. விளக்கைத் துடைப்பது விளக்கின் அழகுக்காக அல்ல; வெளிச்சத்துக்காக. உடம்பைத் துடைத்து வைப்பதும் அப்படியே. துடைத்த விளக்கை ஏற்றாமல் பெட்டியில் பூட்டி வைப்பதுதான் தவறு.

இந்த இடத்தில் அய்யாவின் தவத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். கொல்லம் ஆண்டு 1008 மாசி 20, அதாவது 1833-இல், திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்ட அவதாரமாக வெளிப்பட்ட அய்யா, பின்னர் சுவாமிதோப்பு என்று பேர்பெற்ற இடத்தில் தவம் இருந்தார். முதல் இரண்டு ஆண்டுகள் ஆறடிக் குழியில். அடுத்த இரண்டு ஆண்டுகள் தரையில். கடைசி இரண்டு ஆண்டுகள் உயர்ந்த பீடத்தில். கீழிருந்து மேலாக ஏறும் இந்த மூன்று நிலைகளே பெரிய பாடம். ஆனால் அதைவிடப் பெரிய பாடம், அந்தத் தவம் எதற்காக என்பதில் இருக்கிறது. முதல் தவம் கலி அழிந்து யுகம் மாறுவதற்கு. இரண்டாம் தவம் ஒடுக்கப்பட்ட சாதிகளின் மேன்மைக்கு. மூன்றாம் தவம் பெண்களுக்காக. ஆறு ஆண்டுகளில் ஒரு நாள்கூடத் தமக்கென்று அய்யா தவமிருக்கவில்லை. மண்ணுக்குள் இறங்கி அமர்ந்தது உடம்பு. மேலே ஏறி வந்தது ஒரு சமுதாயம்.

அடுத்து அய்யா செய்தது கற்பித்தல். கன்னியாகுமரிக்கு அருகே கடலோரத்து வாகைப்பதியில் 700 குடும்பங்களைத் துவையல் தவசுக்கு அமர்த்தினார். ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் ஒன்றாகச் சேர்ந்திருந்த தவசு அது. நாள்தோறும் மூன்று வேளை நீராட வேண்டும். உடுத்த துணியை மூன்று வேளை துவைக்க வேண்டும். பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்து வேகவைத்த மரக்கறி உணவை ஒரு வேளை மட்டும் உண்ண வேண்டும். உற்றுப் பார்த்தால் யோக நூல்கள் சொன்ன முதல் இரண்டு படிகள் இங்கே அப்படியே இருக்கின்றன. உயிரைக் கொல்லாத உணவு, புலனடக்கம், அளவு, தூய்மை. வேறுபாடு ஒன்றுதான். காட்டுக்குத் தனியே போன ஒருவருக்குச் சொன்னதை, அய்யா குடும்பத்தோடு வாழும் எளியவர்களுக்குச் சொன்னார். பிள்ளையைப் பெற்று வளர்க்கும் தாயும் தவசி ஆகலாம் என்று காட்டினார்.

இங்கே ஒருவர் கேட்கலாம்: அந்த மக்கள் ஏற்கெனவே அரை வயிற்றோடு வாழ்ந்தவர்கள் அல்லவா? ஊழியம் செய்து ஓய்ந்தவர்களுக்கு ஒரு வேளை உணவு என்பது தவமா, தண்டனையா? நேர்மையான கேள்வி. விடை இதுதான்: பிறர் பறித்ததால் வருவது பட்டினி, தானே அளந்து கொள்வதால் வருவது நோன்பு. பட்டினி மனிதனைக் குறுக்குகிறது. நோன்பு அவனை அவனுக்கே எசமானன் ஆக்குகிறது. அதுவரை அந்த மக்களின் வயிற்றையும் துணியையும் தலையையும் அடுத்தவர்கள் ஆண்டார்கள். தலைக்கு வரி இருந்தது. பெண்கள் மேலாடை அணியத் தடை இருந்தது. அந்தத் தடையைத் தளர்த்தும் திருவிதாங்கூர் அரசாணை, அதுவும் நிபந்தனையோடு, 1859-இல்தான் வந்தது. அப்படிப்பட்ட காலத்தில் ஒருவன் தன் துணியைத் தானே மூன்று வேளை வெளுத்து உடுத்துவது வெறும் சுத்தம் அல்ல. “இந்த உடம்பு என்னுடையது; இது தீண்டத்தகாதது அல்ல” என்று அவன் சொல்லாமல் சொன்ன சொல் அது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பசித்த வீட்டுக்குப் போய் நோன்பைப் பற்றிப் பேச யாருக்கும் உரிமை இல்லை. முதலில் அங்கே சோறு போக வேண்டும். அய்யா ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்ணும் வழக்கத்தையும், எல்லோரும் நீர் மொள்ளும் முத்திரிக்கிணற்றையும் தந்தது அதற்காகவே.

ஆசனத்தைப் பற்றியும் ஒரு சொல். யோகம் கற்பிப்போர் முதலில் சொல்வது, “முதுகை நிமிர்த்தி உட்காருங்கள்” என்பது. கேட்பவருக்கு இது எளிது. ஆனால் மேல்சாதியாரைக் கண்டால் வழிவிட்டு விலகி, குனிந்து, கைகட்டி நின்றே பழகிய மக்களுக்கு அது எளிதா? அவர்களுடைய முதுகெலும்பு வளைந்தது நோயால் அல்ல, பயத்தால். அய்யா அவர்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். தலைப்பாகை கட்டியவன் குனிந்து நிற்க மாட்டான். அய்யாவழி மக்களுக்கு அருளப்பட்ட முதல் ஆசனம் அதுவே என்று கொள்ளலாம். இன்றும் ஆண் அன்பர்கள் பதியில் தலைப்பாகையோடு நிமிர்ந்து நின்று, கண்ணாடியில் தன் உருவைக் கண்டு வணங்கும்போது அந்தப் பாடம் மீண்டும் நடக்கிறது. தன்னுள் இறைவனைக் காண்பவன், பக்கத்தில் நிற்பவனுக்குள்ளும் காணாமல் இருக்க முடியாது. இருக்க முடிகிறது என்றால், அவன் கண்ணாடியில் முகத்தை மட்டுமே பார்த்திருக்கிறான்.

இனி, யோகம் கற்பிப்பவரின் கடமை. திருவனந்தபுரத்தில் வாழ்ந்த தைக்காடு அய்யாவு சுவாமிகள் (1814–1909) தமிழர், யோகத்தில் தேர்ந்தவர். சட்டம்பி சுவாமிகளும் ஸ்ரீநாராயண குருவும் அவரிடம் யோகம் கற்றார்கள். சாதி வேறுபாடு கடுமையாக இருந்த நாளில் அவர் எல்லாச் சாதியாரையும் ஒரே பந்தியில் அமர்த்தி உணவளித்தார். அய்யன்காளியும் அங்கே வந்தவர்களில் ஒருவர். யோகம் கற்றவர் பிறகு எங்கே போய் நிற்கிறார் என்பதே அவர் கற்றதற்குச் சான்று. நாராயண குரு மக்களுக்காகக் கோவிலும் பள்ளியும் கட்டினார். அது மூச்சுப் பயிற்சியின் பயன்தான்.

ஆசான் கட்டணம் வாங்கலாமா? அய்யா காசு வைத்து அருள் கேட்கும் பழக்கத்தை விலக்கியவர். அருளுக்கு விலை இல்லை. ஆனால் நாள் முழுதும் நின்று கற்றுக் கொடுப்பவருக்கும் வயிறு உண்டு. உழைப்புக்குக் கூலி பெறுவது பாவம் ஆகாது. காசில்லாதவன் வந்து நிற்கும்போது கதவைச் சாத்துவதுதான் பாவம். பத்துப் பேரிடம் வாங்கினால் பதினொன்றாவது ஆளுக்கு இடம் ஒதுக்குவது தர்மம்.

இன்னொரு கடமை, துன்புறுத்தாமை. சென்னையில் நெடுங்காலம் யோகம் கற்பித்த கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989), ஆளுக்குத் தக்கபடியே பயிற்சி இருக்க வேண்டும் என்னும் வழியைக் கைக்கொண்டவர். வயதானவரின் முழங்காலை இளைஞனின் முழங்காலைப் போல மடக்கச் சொல்வது கொடுமை. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து சாப்பிடுபவரிடம், “ஆசனம் செய்கிறாயே, மருந்தை நிறுத்திவிடு” என்று சொல்வது அதைவிடப் பெரிய கொடுமை. யோகம் மருத்துவருக்குத் துணை, மாற்று அல்ல. இதை மறக்கும் ஆசான் எட்டு உறுப்பில் முதல் உறுப்பையே முறித்துவிடுகிறார்.

மீண்டும் பைல் நாட்டுப் பாதைக்கே வரலாம். சுமை இறக்கிவிட்டு ஒரு தாய் திண்ணையில் உட்கார்கிறாள். அவளுக்குத் தேவைப்படுவது தலைகீழாக நிற்கும் வித்தை அல்ல. சுமையைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்கும் முறை; படுக்கும் முன் முதுகைத் தளர்த்தும் நாலு அசைவுகள்; பத்து நிமிடம் நிதானமான மூச்சு; அவளுடைய நிலத்தில் விளைந்த சாமையும் தினையும் அவளுடைய தட்டிலேயே இருக்கும் நிலை. யாராவது அவளருகே உட்கார்ந்து, அவள் பேச்சில், காசு கேட்காமல், மேலே நின்று உபதேசம் செய்யாமல் இதைச் சொல்லிக் கொடுத்தால், சித்தர்கள் அந்த மலையில் தவமிருந்ததற்குப் பொருள் கிடைக்கும்.

ஊர்தோறும் நிழல் தாங்கல்கள் இருக்கின்றன. ஒரு காலத்தில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த இடங்கள் அவை. உகப்படிப்பு முடிந்த பின் அரை மணி நேரம், யோகம் அறிந்த அன்பர் ஒருவர், சாதியும் மதமும் கேட்காமல் வருவோர்க்கெல்லாம் கற்றுக் கொடுக்கலாம். பாய் இல்லாதவர்க்குப் பாய் விரிக்கலாம். பசியோடு வந்தவருக்கு முதலில் கஞ்சி கொடுக்கலாம். அப்போது அங்கே நடப்பது பயிற்சி வகுப்பாக மட்டும் இராது. துவையல் தவசின் தொடர்ச்சியாக இருக்கும்.

தன் நலத்துக்குச் செய்தால் உடற்பயிற்சி. அடுத்தவர் நலத்துக்கும் சேர்த்துச் செய்தால் தவம். தாழ்ந்து கிடப்பவர் நிமிரும் அளவுக்கே யோகம் நிமிரும். அந்த நல்ல நினைவை அய்யா எல்லோருக்கும் தந்தருள்வாராக.

அய்யா உண்டு.