பிணி தீர்ப்பதில் பொதுவும் தனியும்

ஆகாரம், அபயம், சாத்திரம் ஆகியவற்றோடு ஔஷதத்தையும் தானமாக வைத்து எண்ணும் மரபினர் நாம். கொடுப்பவனுக்கு அது அறம். பெறுபவனோ, கொடுப்பவன் மனம் இரங்கும்வரை காத்திருக்கிறான். ஏழையின் மருத்துவம் தானமா, உரிமையா என்னும் வினாவைத் தாய்லாந்து நேரே எதிர்கொண்டது.

அங்கு 1975 முதல் வறியோர்க்கு இலவச மருத்துவம் இருந்தது. அதைப் பெறத் தாம் வறியர் என்பதை மெய்ப்பிக்க வேண்டும். அரசு ஊழியர்க்குத் தனி நிதி. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் தனியார் நிறுவனத் தொழிலாளர்க்கு மற்றொரு நிதி. கால்பங்கு மக்களோ எதிலும் சேராதிருந்தனர்.

மருத்துவர் சங்குவான் நித்தயாரம்போங் வகுத்த பொதுத் திட்டத்தை, 2001 தேர்தலில் தக்சின் சினவத்ரா தம் வாக்குறுதியாக்கினார்: ஒருமுறை மருத்துவம் பெற 30 பாட் போதும். வாக்குக்காகச் செய்த நன்மை நன்மையாகுமா? செய்தவரின் வினைக்கணக்கு வேறு, நோயாளியின் காய்ச்சல் வேறு என்றே நாம் கருதுகிறோம். 2002க்குள் திட்டம் நாடெங்கும் பரவிச் சட்டமுமாயிற்று. 2006இல் தக்சினின் ஆட்சியைக் கவிழ்த்த பின் வந்த அரசும் அதைக் கைவிடவில்லை. அந்த 30 பாட்டையும் நீக்கியது. (2012இல் அது மீண்டும் வந்தது.)

எதிர்ப்பு எழுந்தது பணம் பிரிக்கும் இடத்தில்தான். தலைக்கு ஆண்டுக்கு 1,202 பாட் என வரிப்பணம், பதிந்த மக்கள்தொகையைப் பின்பற்றிச் செல்லலாயிற்று. ஆகவே மருத்துவர் நிறைந்த நகர்ப் பெருமருத்துவமனைகள் இழந்தன. சிற்றூர் மருத்துவமனைகள் பெற்றன. விரைவிலேயே ஊதியத்தை முன்கூட்டிப் பிரித்தெடுத்து அவ்விதியைத் தளர்த்தினர்.

மூன்று நிதிகளையும் ஒன்றாக்கும் எண்ணமோ ஈடேறவே இல்லை. அரசு ஊழியரும் தொழிற்சங்கத்தினரும் உடன்படவில்லை. தலைக்குச் செலவாகும் தொகை ஊழியர் நிதியில் இன்றும் பன்மடங்கு மிகுதி.

இதைப் பேராசை என்று இகழ்வது எளிது. ஆனால் தமக்கும் தம் பெற்றோர்க்கும் மருத்துவம் உண்டு என்னும் உறுதியை நம்பியே அவர்கள் குறைந்த ஊதியத்தை ஏற்றனர். அதை இடையில் பறித்தல் வாக்குத் தவறுதலன்றோ? புதிதாகப் பணியேற்போரை மட்டும் பொது நிதியில் சேர்த்தால் வாக்கும் நிற்கும், நிதியும் ஒருநாள் ஒன்றாகும். நாம் இவ்வழியையே ஏற்போம். ஆயினும் அதற்கு ஒரு தலைமுறை கழியும். அத்தனை ஆண்டும் குறைந்த பங்கோடு காத்திருப்பவர், அந்த உறுதியை அளித்த அரசும் அல்லர், பெற்ற ஊழியரும் அல்லர். வயலில் நிற்கும் உழவர்.